ஜப்பானியத் தோட்டத்தில் ஆஸ்மோ பாக்கெட் 3: அசையாமல் பிடிப்பவர்களுக்கான கேமரா

டிஜேஐ நிறுவனம் 2023 அக்டோபரில் வெளியிட்ட ஆஸ்மோ பாக்கெட் 3 என்ற கையடக்கக் காணொளிக் கேமரா பற்றிப் பொதுவான மதிப்புரைகள் ஏராளம் இருக்கின்றன. இது ஒரே ஒரு வேலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஜப்பானியத் தோட்டம் ஒன்றைப் படம்பிடித்து, பார்ப்பவரின் மனம் அடங்கும்படி நான்கைந்து நிமிடக் காணொளி ஒன்றை எடுக்க இந்தக் கருவி உதவுமா?

தோட்டத்தின் பக்கத்துப் பாதிக்கு மிக நன்றாக உதவும். தூரத்துப் பாதிக்கு உதவாது. பெரும்பாலானோர் இதை நடந்துகொண்டே எடுப்பதற்காக வாங்குகிறார்கள். ஜப்பானியத் தோட்டத்தில் அந்த ஆசையை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். முக்காலியை அனுமதிக்காத இடத்தில், முக்காலியில் வைத்தது போன்ற ஷாட் தரும் 179 கிராம் கேமரா என்று நினைத்து வாங்கினால் கொடுத்த காசுக்குக் குறையிருக்காது.

முதலில் விதிகள், ஏனென்றால் கருவியைத் தீர்மானிப்பதே அவைதான்

கியோத்தோவின் கோயில் தோட்டங்கள் பலவற்றில் முக்காலி, ஒற்றைக்கால் தாங்கி இரண்டுக்குமே அனுமதி கிடையாது. வாசல் பலகையில் 'சான்க்யாகு கின்ஷி' என்றிருந்தால் முக்காலி கூடாது என்று பொருள். 'சாட்சுஎய் கின்ஷி' என்றிருந்தால் படமெடுக்கவே கூடாது. ஒரே கோயிலில் தோட்டத்துக்கு அனுமதி இருக்கும், உள்ளே இருக்கும் சிலைகளுக்கும் திரை ஓவியங்களுக்கும் இருக்காது. அனுமதி நாளைப் பொறுத்தும் மாறும். தோஃபுகுஜி கோயிலின் ட்சூதென் பாலத்தில் இலைகள் சிவக்கும் கூட்ட நாட்களில் நின்று படமெடுக்கத் தடை விதிக்கிறார்கள், நெரிசலில் யாரும் விழுந்துவிடக் கூடாதென்று.

பலகையில் எழுதாத விதியும் ஒன்று உண்டு. பாதைக் கல்லின் மேல், கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய உருண்டைக் கல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் செகிமோரி-இஷி. 'இதற்கு மேல் வராதே' என்பதுதான் அதன் செய்தி. கோணம் நன்றாக இருக்கிறதே என்று அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பாசி மேல் பதிந்த ஒரு காலடித் தடம் மறையப் பல மாதங்கள் ஆகும்.

பாக்கெட் 3 இங்கேதான் ஜெயிக்கிறது. 14 சென்டிமீட்டர் உயரம், உள்ளங்கைக்குள் அடங்கும் கைப்பிடி. யார் வழியையும் மறிக்காது, காவலர் கண்ணையும் உறுத்தாது. ஆனால் இதை நீட்டிக் கோலில் மாட்டினால் அது செல்ஃபிக் குச்சியாகிவிடும். அதற்குப் பல இடங்களில் தனித் தடை உண்டு. கிரியேட்டர் தொகுப்போடு வரும் குட்டி முக்காலியும் முக்காலிதான், திண்ணையில் விரித்து வைக்காதீர்கள். சொந்த நினைவுக்காக எடுப்பது வேறு, விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ எடுப்பது வேறு. இரண்டாவதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், பெரும்பாலும் தனிக் கட்டணமும் உண்டு. தோக்கியோவின் கியோசுமி தோட்டத்தின் 150 யென் சீட்டும், ரிகுகியென் தோட்டத்தின் 300 யென் சீட்டும் உள்ளே நுழைவதற்கு மட்டுமே.

லென்ஸ்: பெரிய பலம், அதைவிடப் பெரிய குறை

ஒரு அங்குல சென்சார், எஃப்/2.0 நிலையான அபர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு), முழுச்சட்டகக் கேமராவின் கணக்கில் 20 மி.மீ. அகலக் கோண லென்ஸ். கிடைமட்டப் பார்வைக் கோணம் ஏறக்குறைய 84 பாகை. குறைந்தபட்சக் குவிய தூரம் 20 சென்டிமீட்டர்.

பக்கத்தில் இருப்பவற்றுக்கு இது அற்புதமான கலவை. கைகழுவும் கல்தொட்டியின் விளிம்பில் வழியும் நீர், பாசி மேல் விழுந்த ஒற்றை மேப்பிள் இலை, மூங்கில் வேலியின் கயிற்று முடிச்சு ஆகியவற்றை ஒரு சாண் தூரத்தில் எடுத்தால் பின்னணி மெல்லக் கரைந்து நிற்கும். பாதைக் கற்களுக்கு மேல் முழங்கால் உயரத்தில் பிடித்தால் பாதை நம்மை உள்ளே இழுக்கும்.

தூரக்காட்சி வேறு கதை. ஜப்பானியத் தோட்டக் கலையின் பெரிய உத்தி ஷக்கெய், அதாவது இரவல் காட்சி. வேலிக்கு வெளியே இருக்கும் மலையைத் தோட்டத்தின் பின்சுவராகவே ஆக்கிக்கொள்வது. கியோத்தோவின் முரின்-அன் தோட்டத்தில் தோட்டக் கலைஞர் ஏழாம் ஓகாவா ஜிஹெய் செய்தது இதைத்தான். 1890-களில் அரசியல் தலைவர் யாமாகாட்டா அரிதோமோவுக்காக அவர் அமைத்த புல்வெளியும் ஓடையும் ஹிகாஷியாமா மலையிலிருந்தே இறங்கி வருவதுபோல் தோன்றும். ஓடைநீர் உண்மையில் பீவா ஏரிக் கால்வாயிலிருந்து வருகிறது. கண்ணால் பார்க்கும்போது மலை கம்பீரமாக நிற்கிறது. 20 மி.மீ. லென்ஸில் அது வேலி மேல் கிடக்கும் பச்சைக் கோடாகச் சுருங்கிவிடும். அகலக் கோண லென்ஸ் பக்கத்துப் பொருளைப் பெரிதாக்கித் தூரத்துப் பொருளைச் சிறிதாக்குவதால் வரும் இழப்பு இது. எந்த அமைப்பை மாற்றினாலும் சரியாகாது.

4கே-யில் 2 மடங்கு டிஜிட்டல் ஜூம் இருக்கிறது. 40 மி.மீ. கோணம் கிடைக்கும், ஆனால் பாசியின் நுண்மை மெழுகுபோல் வழுக்கிவிடும். இதற்குப் பதிலாக 4கே-யில் ஜூம் இல்லாமல் எடுத்து, முடிந்த படத்தை 1080-ல் (முழு எச்டி) வெளியிடுங்கள். அப்போது நடுப்பாதியை வெட்டியெடுத்தாலும் தெளிவு குறையாது, அதே 40 மி.மீ. கோணமும் கிடைக்கும், எந்த இடத்தை வெட்டுவது என்ற முடிவும் எடிட்டிங் மேசைக்கு வரும். தோட்டப் படத்துக்கு 4கே வெளியீட்டைவிட இந்தச் சுதந்திரம் பெரிது. மலைதான் உங்கள் படத்தின் மையம் என்றால் 50 முதல் 85 மி.மீ. லென்ஸ் மாட்டிய மிரர்லெஸ் கேமரா கொண்டு போங்கள். பாக்கெட் 3 அந்த வேலைக்கானதல்ல.

அகலக் கோணத்தால் வரும் இன்னொரு தொல்லை விளிம்பு இழுவை. தோஃபுகுஜியின் வடக்குத் தோட்டத்தில் தோட்டக் கலைஞர் ஷிகெமோரி மிரெய் 1939-ல் பாசியையும் சதுரக் கற்களையும் சதுரங்கப் பலகைபோல் அமைத்தார். கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்தால் படச் சட்டத்தின் ஓரத்துச் சதுரங்கள் சாய்சதுரங்களாக நீளும். கண் உடனே அங்கே போகும், அமைதி போய்விடும். கேமராவைத் தரைக்கு இணையாக வைத்து, சதுரங்களைச் சட்டத்தின் நடு மூன்றிலொரு பங்குக்குள் அடக்குங்கள்.

எந்த உயரத்தில் பிடிப்பது

கோயில் தோட்டங்கள் பல, நின்று பார்ப்பதற்கானவை அல்ல. தத்தாமிப் பாயிலோ மரத் திண்ணையிலோ உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்காக அமைக்கப்பட்டவை. அந்தக் கண் தரைப் பலகையிலிருந்து ஏறக்குறைய 75–80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நின்றபடி எடுத்தால் கற்கள் தட்டையாகும், மணல் வரிகள் வரைபடம்போல் தெரியும். உட்கார்ந்து எடுத்தால் கற்கள் ஒன்றையொன்று மறைத்து ஆழம் பிறக்கும். இரண்டு ஷாட்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு தோட்டங்கள் என்றே நினைப்பீர்கள்.

கியோத்தோவின் ரியோஅன்ஜி கோயிலில் உள்ள மணல்-கல் தோட்டம் இதற்கு நல்ல பாடம். சுமார் 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்தே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஷாட்டில் பிடிக்க இடமிருந்து வலம் கேமராவைத் திருப்புவது இங்கே எல்லோரும் செய்யும் தவறு. மறைந்திருப்பதுதான் அந்தத் தோட்டத்தின் சாரம். மூன்று கற்கள், கொஞ்சம் சுவர், நிறைய மணல் என்று ஒரு சட்டம் போதும். எண்ணெய்க் கறை படிந்த அந்த மண் சுவரை வைத்துக் கிடைமட்டம் பார்க்காதீர்கள். மேற்குச் சுவரின் உயரம் தூரம் போகப் போகக் குறையும்படிதான் கட்டப்பட்டிருக்கிறது. திரையில் உள்ள கட்டக் கோடுகளையும் திண்ணைப் பலகையையும் நம்புங்கள். புறப்படும் முன் மேசை மேல் வைத்து, கேமராத் தலையை அசையாமல் தாங்கும் மோட்டார் அமைப்பான கிம்பலை ஒருமுறை கேலிபரேட் (அளவு திருத்தம்) செய்வதும் அவசியம். அரைப் பாகைச் சாய்வு தெருக் காட்சியில் தெரியாது, மணல் வரிகளில் கத்தும்.

மார்ச் முதல் நவம்பர் வரை ரியோஅன்ஜியில் காலை 8 மணிக்குக் கதவு திறக்கும். முதல் அரை மணி நேரமே உங்களுடையது.

கிம்பல்: எது முடியும், எது முடியாது

மூன்று அச்சு கிம்பல் திருகலையும் சாய்வையும் உருளலையும் சரிசெய்யும். மேலும் கீழும் ஏறி இறங்கும் அசைவை அதனால் சரிசெய்ய முடியாது. நடக்கும்போது உடல் மேலும் கீழும் போகிறதே, அது அப்படியே படத்தில் பதியும். சமதளத்தில் முழங்காலை மடக்கி நடந்து சமாளிக்கலாம். ஜப்பானியத் தோட்டத்தின் பாதைக் கற்கள் அப்படி நடக்க விடாது. அவை சீரற்ற உயரத்தில், குறுகிய எட்டுக்காக, நடப்பவர் கீழே பார்த்து நிதானமாகப் போகட்டும் என்றே போடப்பட்டவை. கியோசுமியின் குளத்தோரக் கற்களில் கேமராவைப் பார்த்தபடி நடப்பது ஆபத்தும்கூட.

ஆகவே உட்காருங்கள். மேல்கீழ்ச் சாய்வைப் பூட்டும் டில்ட்-லாக் பயன்முறை, கிம்பல் வேகம் மெதுவானது. இரு முழங்கைகளையும் முழங்கால் மேல் ஊன்றி, கைப்பிடியை இரு கைகளாலும் மார்புக்கு நேராகப் பிடியுங்கள். பதிவை அழுத்தியதும் முதல் மூன்று விநாடியை எண்ணாதீர்கள், அழுத்திய விரலின் அதிர்வு அடங்க அந்த நேரம் வேண்டும். அதன் பிறகு 20 விநாடி. மூச்சை அடக்க வேண்டாம், அடக்கினால் 12-வது விநாடியில் கை நடுங்கும். மெல்ல வெளியே விடுங்கள்.

இப்படி எடுத்த ஷாட்டிலும் ஒரு மெல்லிய மிதப்பு தெரியும். கை ஒரு பக்கம் நகர, கிம்பல் தாமதமாகப் பின்தொடர்வதால் வருவது அது. கல்விளக்கு ஒன்று நடுவில் நின்றால் அது தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கும். எடிட்டிங் மென்பொருளில் நிலைப்படுத்தலை 'அசைவே வேண்டாம்' என்ற அமைப்பில் போட்டால் போய்விடும். 4கே-யில் எடுத்து 1080-ல் வெளியிடுவதால் விளிம்பு வெட்டுப்படுவது உறுத்தாது.

கேமரா நகர்ந்தே ஆகவேண்டுமென்றால் திருப்பாதீர்கள், நகர்த்துங்கள். உட்கார்ந்தபடி உடல் எடையை இடது தொடையிலிருந்து வலது தொடைக்கு மாற்றினால் கேமரா 15–20 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போகும். அதை 8 விநாடியில் செய்யுங்கள். லென்ஸுக்கு 50 சென்டிமீட்டருக்குள் ஒரு மேப்பிள் கிளையோ தூணின் ஓரமோ இருந்தால், அது விலக விலகப் பின்னாலிருக்கும் கல் வெளிப்படும். தோட்டக்காரர்கள் மியெகாகுரே என்று சொல்லும் மறைத்துக் காட்டும் உத்தி இதுதான். நடப்பவருக்காக அவர்கள் அமைத்ததை உட்கார்ந்த இடத்திலேயே பெறுகிறோம். பக்கத்தில் எதுவும் இல்லாவிட்டால் இந்த அசைவு கண்ணுக்கே தெரியாது, செய்ய வேண்டாம்.

திருப்பத்தான் வேண்டுமென்றால் கணக்கு இது. சட்டத்தின் ஒரு ஓரத்தில் தெரியும் பொருள் மறு ஓரத்துக்குப் போகக் குறைந்தது 7 விநாடி ஆகவேண்டும், இல்லாவிட்டால் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் வெட்டி வெட்டித் தெரியும். 84 பாகைக்கு அது விநாடிக்கு 12 பாகை. அது நடுக்கம் வராமல் காக்கும் எல்லை மட்டுமே. அமைதிக்கு விநாடிக்கு 3 அல்லது 4 பாகைக்கு மேல் போகாதீர்கள். ஜாய்ஸ்டிக்கைக் கட்டைவிரலால் இந்த வேகத்தில் சீராக அழுத்துவது கடினம் என்பதும் இந்தக் கருவியின் குறைதான்.

என்டி ஃபில்டர் இல்லாமல் வாங்காதீர்கள்

அபர்ச்சர் எஃப்/2.0-ல் நிலைத்திருப்பதால், ஷட்டர் வேகத்தை ஏற்றாமல் வெளிச்சத்தைக் குறைக்க என்டி ஃபில்டரை, அதாவது லென்ஸ் மேல் மாட்டும் இருண்ட கண்ணாடியை, விட்டால் வேறு வழியே இல்லை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு அளவு, 50-ல் இருக்கும்போதே ஷட்டர் 1/3200 விநாடிக்கு ஓடிவிடும். அந்த வேகத்தில் அருவியின் ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் உறைந்து நிற்கும், இலைகள் வெடவெடக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ பதற்றமாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். 24 ஃபிரேமுக்கு 1/50 ஷட்டர் வேண்டும். அப்போதுதான் நீர் இழையாக ஓடும்.

நிறுவனத்தின் காந்த ஃபில்டர் தொகுப்பில் என்டி 16, 64, 256 மூன்றும் வருகின்றன; எண் கூடக் கூட இருட்டு கூடும். நேர் வெயிலில் என்டி 64, ஐஎஸ்ஓ 50. மேகமூட்டத்தில் என்டி 16, ஐஎஸ்ஓ 100. மர நிழலில் அதே என்டி 16, ஐஎஸ்ஓ 200. என்டி 256 தோட்டத்தில் பெரும்பாலும் பெட்டியிலேயே கிடக்கும், வெயிலில் டைம்லாப்ஸ் எடுத்தால் எடுக்கலாம். தொகுப்பில் என்டி 4 அல்லது 8 இல்லாதது நிஜமான குறை. தோட்டத்தில் நல்ல வெளிச்சம் என்பதே நிழல் வெளிச்சம்தான். அங்கே ஃபில்டரை எடுத்தால் 1/200, மாட்டினால் ஐஎஸ்ஓ ஏற்ற வேண்டும். ஐஎஸ்ஓ 200 ஒன்றும் கெடுதலில்லை, அதையே பரிந்துரைக்கிறோம்.

ஃபில்டரைக் கேமராவை அணைத்திருக்கும்போது மாட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாட்டினால் கிம்பல் மோட்டார் எடை தாங்காமல் மெல்ல நடுங்கும்.

பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மேற்சொன்ன தொகுப்பில் அது இல்லை, பிற நிறுவனங்கள் விற்கின்றன. மழைக்குப் பின் பாசியிலும் இலையிலும் மினுங்கும் வெள்ளைப் பூச்சை அது நீக்கி, உள்ளிருக்கும் பச்சையை வெளியே கொண்டுவரும். அந்த ஒரு வேலைக்கு அருமை. குளத்தில் மட்டும் கவனம் தேவை. நீர்ப்பரப்பை ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது பிரதிபலிப்பு முற்றிலும் அழியும். 84 பாகை அகலச் சட்டத்தில் அந்தக் கோணம் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்துவதால், குளத்தின் நடுவில் ஓர் இருண்ட குழி விழுந்ததுபோல் இருக்கும். அதோடு குளத்தில் விழும் வானமும் பைன் மரமும்தானே அந்தக் காட்சி. அதை அழித்துவிட்டு அடியிலிருக்கும் சேற்றைக் காட்டி என்ன பயன்? கோய் மீன்களைப் பக்கத்தில் எடுக்கும்போது மட்டும் போடுங்கள்.

குவியம், நிறம், மணல்

இந்தச் சென்சாரும் லென்ஸும் சேர்ந்தால் ஹைப்பர்ஃபோகல் தூரம் சுமார் இரண்டரை மீட்டர். அந்தத் தூரத்தில் இருக்கும் ஒரு கல்லையோ விளக்கையோ தொட்டுக் குவித்துவிட்டால் ஒன்றேகால் மீட்டரிலிருந்து மலை வரை தெளிவாக இருக்கும். ஒற்றைக் குவியப் பயன்முறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். தொடர் குவியத்தில் விட்டால் விழும் செர்ரி இதழ், மழைக்கோடு, குறுக்கே நீந்தும் மீன் என்று ஒவ்வொன்றையும் துரத்தும். ஒருமுறை படம் மங்கித் தெளிந்தாலே அந்த ஷாட் வீண்.

வெள்ளைச் சமநிலையையும் தானியங்கியில் விடாதீர்கள். வெள்ளை மணலிலிருந்து பாசிக்கு நகரும்போது நடு ஷாட்டிலேயே நிறம் மாறும். வெயிலில் 5500 கெல்வின், மேகமூட்டத்தில் 6200, ஆழ்ந்த நிழலில் 7000 என்று கையால் வையுங்கள். அடர்ந்த மேப்பிளுக்குக் கீழே எல்லாமே பச்சை பூசியதுபோல் வரும், அதை முழுவதும் சரிசெய்ய முயலாதீர்கள். அந்த வெளிச்சமே பச்சைதான்.

வெளிச்ச அளவு மணலை வைத்துத் தீர்மானிக்கப்பட வேண்டும். கியோத்தோவின் ஷிராகாவா மணல் பளிச்சென்ற கிரானைட் பொடிச் சரளை. உச்சி வெயிலில் வாரிய கோடுகளின் நிழல் காணாமல் போய் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், பிறகு எந்த மென்பொருளும் மீட்காது. திரையில் கோடுகள் தெரியும் வரை குறையுங்கள், பெரும்பாலும் முக்கால் ஸ்டாப் போதும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). நிறத்தையும் வெளிச்சத்தையும் பின்னால் சரிசெய்ய இடம் தரும் டி-லாக் எம் 10-பிட் பதிவு முறையில் எடுத்தால் நிழலில் இருக்கும் பாசியைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். காலையின் சாய்ந்த வெயில்தான் மணலுக்கு. மேகமூட்டம்தான் பாசிக்கு.

நுண்விவரம் நிறைந்த காட்சிகள் இந்தக் கேமராவைத் திணறடிக்கும். பாசி, சரளை, மேப்பிள் இலைகள் மூன்றும் ஒரே சட்டத்தில் வந்து கேமராவும் நகர்ந்தால் விநாடிக்கு 130 மெகாபிட் பதிவு வேகமும் போதாமல் பாசி குழைந்துவிடும். அசையாமல் எடுக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். ஷார்ப்னஸ், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் இரண்டு படி குறைத்து வையுங்கள். முதலாவது அதிகமானால் பாசி ஊசி ஊசியாகக் குத்தும், இரண்டாவது அதிகமானால் பச்சைக் கம்பளமாகும். 1080-ல் நேரடியாகப் பதிந்தால் மணல் வரிகளும் மூங்கில் திரைகளும் அலையலையாக மினுக்கும், ஆகவே எப்போதும் 4கே. ஒரு மணி நேரத்துக்கு 58 ஜிபி வரை பிடிக்கும். வி30 வேக மெமரி கார்டு போதுமானது.

மெதுவோட்டம் பற்றி ஒரு சொல். 4கே-யில் 120 ஃபிரேம் இருக்கிறது என்பதற்காக அருவியை ஐந்து மடங்கு மெதுவாக்காதீர்கள். நீர் தன் எடையை இழந்து ஷாம்பு விளம்பரம்போல் ஆகிவிடும். நீர் அதன் வேகத்திலேயே விழட்டும். மீன் திரும்புவதற்கும் இதழ் விழுவதற்கும் மட்டும் 60 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓட்டலாம்.

ஒலி

அமைதியைப் படம் பாதிதான் தரும். மீதி ஒலியிலிருந்து வருகிறது. நீர் நிரம்பிக் கவிழ்ந்து கல்லில் 'டொக்' என்று தட்டும் மூங்கில் குழாய், ஷிஷி-ஓதோஷி, கியோத்தோவின் ஷிசென்தோ தோட்டத்தில் இருக்கிறது. அந்தத் தட்டலைவிட அடுத்த தட்டல் வரை நீளும் காத்திருப்புதான் முக்கியம். ஆகவே ஒரு தட்டலிலிருந்து அடுத்ததற்கு அப்பால் வரை முழுதாக எடுங்கள், நடுவில் வெட்டாதீர்கள்.

உள்ளிருக்கும் மூன்று மைக்குகள் காற்றில்லாத காலையில் வியக்கும்படி நன்றாகப் பதிகின்றன. காற்றொலிக் குறைப்பை அணைத்துவிடுங்கள். அது தாழ்ந்த ஒலிகளைச் சீவிவிடுவதால் மூங்கிலின் கனம் போய்விடும். அதற்குப் பதில் மென்மயிர் உறை போடுங்கள். கைப்பிடியில் விரல் நகர்ந்தாலும் ஒலி பதியும் என்பதை மறக்க வேண்டாம். கியோத்தோவின் எங்கோஜி கோயிலில் இருப்பதுபோன்ற சுய்கின்குட்சு, மண்ணுக்குள் கவிழ்த்துப் புதைத்த ஜாடியில் துளி விழுந்து எதிரொலிக்கும் அமைப்பு, கேமரா மைக்குக்கு எட்டாது. கிரியேட்டர் தொகுப்பில் வரும் மைக் 2-ஐக் கையில் பிடித்து, காது வைத்துக் கேட்க வைத்திருக்கும் மூங்கில் குழாயின் வாயருகே கொண்டுபோனால் கிடைக்கும். தோட்டத்துக்குள் மைக்கை வைத்துவிட்டு வராதீர்கள். எங்கே எடுத்தாலும் யாரும் பேசாத ஒரு நிமிட வெற்று ஒலி கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுகளை ஒட்டும் பசை அதுதான்.

மழை, இரவு

ஜூன் மாதத்து மழைக்காலம் பாசியின் உச்சம். பாக்கெட் 3-க்கோ நீர்த்தடுப்பு கிடையாது, கிம்பல் மோட்டார்கள் வெளியே தெரியும்படி இருக்கின்றன. கூரை விளிம்புக்குக் கீழே உட்கார்ந்து எடுங்கள், அங்கிருந்து சொட்டும் நீரே முன்னணியாக அமையும். குடைக்குள் எடுத்தால் படம் தப்பும், ஒலி தப்பாது. குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கினால் லென்ஸ் மூடுபனி போடும். ஜிப் பையில் வைத்தபடியே கால் மணி நேரம் வெளிவெப்பத்துக்குப் பழக விடுங்கள்.

இலையுதிர்கால இரவு விளக்கலங்காரத்தில் ஒரு ஜப்பானியச் சிக்கல் காத்திருக்கிறது. கிழக்கு ஜப்பானின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கு ஜப்பானின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். தோக்கியோவில் 1/50 அல்லது 1/100 ஷட்டரில் ஒளி அமைதியாக இருக்கும். அதே அமைப்போடு கியோத்தோவுக்கோ கனசாவாவுக்கோ போனால் சில விளக்குகள் துடிக்கும். அங்கே 1/60 வையுங்கள். ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டினால் இருட்டில் பாசி சேறாகிவிடும். இருட்டை இருட்டாகவே விட்டு, விளக்கு விழுந்த ஒரு மரத்தை மட்டும் எடுப்பது நல்லது.

எதை வாங்குவது

மின்கலம் கழற்ற முடியாதது, 1300 மில்லி ஆம்பியர். 4கே-யில் விட்டு விட்டு எடுத்தால் அரை நாள் ஓடும், 65 வாட் சார்ஜரில் 16 நிமிடத்தில் 80 விழுக்காடு ஏறும். இரண்டு தோட்டங்களுக்கு இடையே மதிய உணவு நேரமே போதும். ஒலி முக்கியம் என்பவர்கள் மைக் 2, கூடுதல் மின்கலக் கைப்பிடியோடு வரும் கிரியேட்டர் தொகுப்பை வாங்குங்கள். அதிலிருக்கும் அகல லென்ஸ் இந்த வேலைக்குத் தேவையே இல்லை, ஏற்கெனவே அகலம் அதிகம். மற்றவர்கள் கேமராவை மட்டும் வாங்கி, மிச்சப் பணத்தில் என்டி தொகுப்பும் மென்மயிர் உறையும் ஒரு போலரைசரும் எடுத்துக்கொள்ளலாம். நல்ல மிரர்லெஸ் கேமரா கையில் இருப்பவர்கள் அதை விற்றுவிட்டு இதற்கு மாற வேண்டாம். மலை தெரியும் தோட்டத்துக்கு அது, பாசியும் நீரும் திண்ணையும் உள்ள தோட்டத்துக்கு இது.